இடக்கைப் பாடம்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருதல் வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றி எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணித்தான் ஏட்டை விரித்தோம். ஆயின், அண்மைக் காலத்தில் எம்மை மிகத் திருத்திய கல்வி எதுவென எம்மையே வினவியபோது, மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலிற் பயின்ற கல்வியே என்னும் விடை பிறந்தது. நாற்பது வயதைக் கடந்த பின்னர் பெற்ற அக்கல்வியைப் பற்றி ஈண்டுக் கூறுவாம். பதினெட்டு வயதில் அதனைக் கற்றுக்கொண்ட இளைஞர் நகைப்பாராயின் நகைக்க. நகைத்த பின்னர் இறுதிவரை வாசிக்க.

எம் தந்தையாரிடம் ஹொண்டா 50 ஒன்று இருந்தது. யப்பானில் 1958 ஆம் ஆண்டு வெளிவந்த சுப்பர் கப் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி அது. அவ்வினம் 2017 ஆம் ஆண்டளவிற் பத்துக் கோடி என்னும் தொகையை எட்டிற்று. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அத்தொகையிற் செய்யப்பட்டதில்லை. அதன் ஹாண்டிலிற் கிளச் பிடி இல்லை. எஞ்சினின் சுழற்சி மிகுந்தவிடத்துத் தானாகவே பற்றிக்கொள்ளும் கிளச் அதனுள் அமைந்திருந்தது. உணவுக்கடைப் பையன் ஒரு கையிற் தட்டையேந்தி மறு கையால் ஓட்டத்தக்கதாக அவ்வாறு அமைத்தனர் என்பர். தந்தையாரின் இடக்கையில் உணவுத் தட்டு இருந்ததில்லை. முன்னே நிற்கும் எம் தங்கையையே அக்கை அணைத்திருக்கும்.

1990 ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தை மூத்த பழைய மாணவர் மறந்திரார். மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய காலம் அது. சிறு போத்தலொன்றிற் பொன்போற் பேணிய பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். வெண்புகை தெருவை மூடும். பின்னாசனத்திலிருந்து அப்புகையை மணந்தவாறு பாடசாலைக்குச் சென்ற எமக்கு, அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்ற ஆசை மிகுதியாயிருந்தது. "கால் நிலத்திலை முட்டட்டும், பாப்பம்" என்பார் தந்தையார். கால் நிலத்தில் முட்டுமுன் 1995 ஒக்ரோபர் வந்தது. 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நடந்தபோது யாமும் நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவிடத்து, வண்டியின் சட்டமும் ஹாண்டிலுமே கிணற்றடியிற் கிடந்தன. தந்தையார் அதன்பின் மோட்டார் சைக்கிள் வாங்கவில்லை. யாமும் கற்கவில்லை. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்திலும், பயிற்றப்பட்ட ஆசிரியராகப் பணியேற்ற பின்னரும் சைக்கிளும் பேருந்துமே எமக்குப் போதியனவாயிருந்தன.

எம் தம்பியார் 2022 ஆம் ஆண்டின் இறுதியிற் கடல் கடந்து சென்றபோது தமது பஜாஜ் சி.ரி. 100 வண்டியை எமது முற்றத்தில் விட்டுச் சென்றார். அதனை ஒரு துணியால் மூடி வைத்தோம். அடுத்த கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில் அன்னையாருக்கு மூச்சுத் திணறிற்று. யாம் அழைத்த முச்சக்கர வண்டிக்காரர் எவரும் தொலைபேசியை எடுத்திலர். மழையை எதிர்த்துச் சைக்கிளை மிதித்துச் சந்தியை அடைந்து, உறங்கியவரொருவரை எழுப்பி, அவருடன் வீடு திரும்ப ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் சென்றது. அன்னையார் பிழைத்தார், இறைவன் திருவருள். ஆயினும், புறப்படும்போதும் திரும்பும்போதும் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற அவ்வண்டியை யாம் பார்த்தோம். அடுத்த கிழமையே கற்பதெனத் துணிந்தோம்.

எழுத்துப் பரீட்சையில் தேறிப் பயிலுநர் அனுமதிப்பத்திரம் பெற்றாயிற்று. ஓராண்டு நின்ற வண்டியைச் சீர்செய்யச் சந்திக் கராச்சுக்கு உருட்டிச் சென்றோம். எண்ணெய்க் கையைத் துடைத்தவாறு வெளியே வந்த இளைஞரைக் கண்டதும் எம் நெஞ்சு சுருங்கிற்று. அவர் எம்மிடம் பத்தாம், பதினோராம் வகுப்புகளிற் தமிழ் கற்றவர். ஒருநாட் புணர்ச்சி விதியொன்றைக் கேட்டோம். அவர் விழித்தார். மறுமுறை கேட்டோம். பின்பு, நாற்பது பிள்ளைகள் கேட்க, "நீர் கராச்சுக்குப் போறதுக்குத்தான் சரி" என்றோம். வகுப்பு சிரித்தது. அவர் 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையிற் தமிழிற் சித்தியடையவில்லை. உயர்தர வகுப்புக்கு வரவுமில்லை. யாம் சொன்ன இடத்துக்கே சென்றிருந்தார்.

"வாங்கோ சேர்" என்றார் அவர். வண்டியைச் சீர்செய்தார். எமக்கு ஓட்டத் தெரியாதென அறிந்ததும், "பின்னேரத்திலை வாங்கோ, நான் பழக்கிறன்" என்றார். கூலி பேசவில்லை.

கோயிலின் தேர்முட்டிக்கு அப்பாலுள்ள வெளியிற் பாடந் தொடங்கிற்று. முதல்நாள் எஞ்சினை இயக்கவே அவர் விடவில்லை. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி எம்மை அதன்மீது அமர்த்தி, "பாக்காமல் தொட்டுச் சொல்லுங்கோ" என்றார். குருடன் யானையைத் தடவியதுபோலத் தடவினோம். வலக்கைப் பிடி அக்சிலேற்றர்; எம்மை நோக்கி முறுக்கினால் வேகங் கூடும், விட்டால் தானே மீளும். அதன் முன்னுள்ள பிடி முன்சில்லின் பிறேக். கட்டை விரலருகே ஸ்ராட்டர்ப் பொத்தான். இடக்கையின் முன்னுள்ள பிடி கிளச். இடக் கட்டை விரலின் கீழே தலைவிளக்கின் ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் சுவிச், திரும்புந் திசையைக் காட்டும் சிக்னற் சுவிச், கோர்ண் என மூன்று. கால்களுக்கு வந்தால், வலக்கால் பின்சில்லின் பிறேக், இடக்கால் கியர். ஒவ்வொன்றையும் பத்து முறை தொட்டுச் சொன்னோம். வாய்பாடு சொல்விக்கும் ஆசிரியர்போல அவர் அருகே நின்றார். "தெருவிலை கண்ணுக்கு வேறை வேலை இருக்கு, சேர். கை தானாய்ப் போகவேணும்" என்றார். மனனஞ் செய்வதன் பயனை யாம் பல்லாண்டு வகுப்பிற் கூறி வருகின்றோம். இத்துணைச் சுருக்கமாகக் கூறியதில்லை.

இரண்டாம்நாள் எஞ்சின் இயங்கிற்று. வண்டி இயங்க மறுத்தது. கிளச் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குப் போகாமற் பிரித்து வைக்குங் கருவி. பிடியை அழுத்தினாற் தட்டுக்கள் பிரியும். விட்டால் ஒன்றையொன்று பற்றும். ஓடுகின்ற எஞ்சினையும் நிற்கின்ற சில்லையும் ஒரே கணத்திற் பிணைத்தால், நிற்பது ஓடாது, ஓடுவதே நின்றுவிடும். யாம் கிளச்சைச் சடுதியாக விட்டோம். வண்டி ஒருமுறை குதித்து அணைந்தது. அன்றைய மாலையில் அது பதினேழு முறை அணைந்தது, எண்ணிக்கொண்டிருந்தோம்.

"பாதி விட்டவுடனை வண்டி கொஞ்சம் முன்னுக்கு இழுக்கும். அந்த இடத்திலை பொறுங்கோ. அது வெளிக்கிட்டாப் பிறகு மிச்சத்தை விடுங்கோ" என்றார் அவர். பதினேழு முறையும் அவர் குரல் ஒரே தன்மையதாகவே இருந்தது. சினமில்லை, நகையுமில்லை. பதினெட்டாம் முறை வண்டி நகர்ந்தது.

நகர்ந்ததும் வேறொரு பிழை நேர்ந்தது. வண்டி முன்னே பாய, உடல் பின்னே சாய, ஹாண்டிலை இறுகப் பற்றிய வலக்கை தன்னையறியாது மேலும் முறுகிற்று. முறுக வேகங் கூடிற்று. கூட இன்னும் சாய்ந்தோம். அச்சமே வேகமாக மாறும் விந்தையை அன்று கண்டோம். அவர் ஓடிவந்து, "இடக்கை! இடக்கை!" என்று கூவினார். கிளச்சை அழுத்தினோம், எஞ்சின் வெறுமனே உறுமிற்று, வண்டி அடங்கிற்று. வலக்கை பதறிய வேளையில் இடக்கை காப்பாற்றிற்று.

பிறேக்கிற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கினார். எம்மைப் போன்றோர் முன் பிறேக்கிற்கு அஞ்சி, காலால் மாத்திரம் மறிப்பர். மறிக்கும்போது பாரம் முன்சில்லின் மீது சாய்வதால், நிறுத்தும் வலுவிற் பெரும்பங்கு முன்சில்லுக்கே உரியது. பாரங் குறைந்த பின்சில்லு எளிதிற் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்துதல் வேண்டும். ஆனால், எமது ஒழுங்கைகளிற் போல மணல் கிடக்குமிடத்தில், அதுவும் திருப்பத்தில், முன் பிறேக்கைப் பிடித்தால் விழுவது திண்ணம். திரும்புமுன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இன்னுமொன்று: வேகம் இருமடங்கானால், பிறேக் பிடிபட்ட பின் நிற்கும்வரை செல்லும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் வண்டி, கண் கண்டு கை அசையும் ஒரு செக்கனுக்குள்ளேயே 11 மீற்றர் சென்றுவிடும். பிறேக் பிடிபடுவது அதன் பின்னரே. வேகத்தைக் கூட்டும் கையிலேயே மறிக்கும் பிடியையும் வைத்தவரின் அறிவை வியந்தோம்.

வண்டியின் அளவைகளைப் பற்றியும் கேட்டோம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என வரையறுத்தபோது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது ஊர் முழுவதும் பேசப்பட்டது. ஏனைய எண்கள் எமக்கு விளங்கியதில்லை. கையேட்டில் 99.27 சி.சி. என்றிருந்தது. "இது எப்படி வந்தது?" என்று கேட்டோம். அவர் உதிரிப்பாகப் பெட்டியொன்றின் மட்டையைக் கிழித்து எழுதினார். சிலிண்டரின் உள்விட்டம் 53 மில்லிமீற்றர், ஆரை 2.65 சென்ரிமீற்றர், அதன் வர்க்கம் 7.0225, அதனைப் பையாற் பெருக்கினால் ஏறக்குறைய 22.06, பிஸ்ரன் மேலுங்கீழும் செல்லும் தூரம் 4.5 சென்ரிமீற்றர், அதனாலும் பெருக்க 99.27 சொச்சம். "சிலிண்டர் தேஞ்சு, அரை மில்லிமீற்றர் கடைஞ்சு பெரிய பிஸ்ரன் போட்டால் 101 ஐத் தாண்டும், சேர்" என்று அதனையுங் கணித்துக் காட்டினார்.

வலு 8.2 பி.எஸ்., நிமிடத்துக்கு 7500 சுற்றில், என்றிருந்தது. ஒரு பி.எஸ். ஏறக்குறைய 735 வாற்று. ஆகவே மொத்தம் ஆறு கிலோவாற்று. "எங்கடை கிணத்து மோட்டர் எட்டு ஒண்டாய் இழுக்கிறமாதிரி" என்றார். முறுக்கு விசை 8.05 நியூற்றன் மீற்றர் என்றிருந்தது. ஒரு மீற்றர் நீளத் தடியின் முனையில் ஏறக்குறைய 820 கிராம் நிறையைத் தொங்கவிட்டால் மறுமுனையில் எழும் முறுக்கே அது. இத்துணைச் சிறிய முறுக்கு இருவரைச் சுமப்பதெங்ஙனம் என வியந்தோம். அதனைப் பெருக்கித் தருவதே கியரின் தொழில்: முதற் கியரில் வேகங் குறைவு, முறுக்கு மிகுதி, நான்காவதில் முறுக்கு குறைவு, வேகம் மிகுதி. இரண்டையும் ஒருங்கே தரும் கியர் உலகில் இல்லை. சில்லின் ரயரில் 2.75-17 என்றிருப்பது, அகலம் 2.75 அங்குலம், உள்வளையத்தின் விட்டம் 17 அங்குலம் என்பதாம். முப்பரிமாணமும் வர்க்கமும் பையும் கைவந்த இவரையா யாம் அன்று அவ்வாறு சொன்னோம்? அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நான்காம்நாட் பெருந்தெருவுக்கு வந்தோம். அவர் பின்னே அமர்ந்திருந்தார். இடப்புறம் திரும்புவதற்குச் சிக்னலை இட்டோம், திரும்பினோம், நேரே சென்றோம். எமது வண்டியின் சிக்னல் தானாக நிற்பதில்லை. இட்ட கையே அதனை மீட்க வேண்டும். மறந்தவன் போகாத திசையைத் தெரு நீளம் சொல்லிக்கொண்டு செல்வான். பின்னே வருபவர் அதனை நம்புவர். யாம் மறந்தே சென்றோம். நெஞ்சை வேறொன்று அழுத்திக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பாராமலே சொன்னோம்: "தம்பி, அண்டைக்கு வகுப்பிலை நான் உமக்குச் சொன்னது பிழை. அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "அது அந்த நேரத்துக் கதை, சேர். முதல் சிக்னலை நிப்பாட்டுங்கோ, பின்னாலை பஸ் வருது" என்றார்.

நிறுத்தினோம். அதன்பின் இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

வண்டியோட்டிப் பரீட்சையில் எட்டுப் போட்டுக் காட்டித் தேறினோம். குருதட்சணையாக யாது வேண்டுமென வினவியபோது, "கராச்சிலை வேலை பழகிற பொடியளுக்கு ஹாண்டிலிலை உள்ளதெல்லாத்தையும் தமிழிலை எழுதித் தாங்கோ, சுவரிலை ஒட்டுவம்" என்றார். மகிழ்ந்து இரண்டிரவு விழித்துக் கலைச்சொற்களைப் புனைந்து கொண்டுசென்றோம். அவர் பொறுமையாக வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு சேர். ஆனால் இது ஆருக்கு விளங்கும்?" என்றார். வீடு மீண்டு கிழித்தெறிந்தோம். கிளச்சைக் கிளச் என்றே வைத்துக்கொண்டு, அதன் தொழிலைச் சிறு வாக்கியங்களால் எழுதினோம்: 'கிளச் எஞ்சினையும் சில்லையும் பிரிக்கும், மெல்ல விடுக.' 'முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் சேர்த்துப் பிடிக்க. மணலில் முன் பிறேக்கைத் தவிர்க்க.' 'திரும்பிய பின் சிக்னலை நிறுத்துக.' அச்சுவரில் இன்றும் அவை உள்ளன. அவ்வாக்கியங்களைக் கொண்டே இப்பொழுது பத்தாம் வகுப்பில் வியங்கோளைக் கற்பிக்கின்றோம். கடைசி வாங்கிலிருந்தும் விடை வருகின்றது.

மூத்த பழைய மாணவரொருவர் எம்மிடம் கூறினார், தமது ஆசிரியரொருவர் பி.எஸ்.ஏ. பான்ரம் வண்டியிற் கல்லூரிக்கு வருவாரென. 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான 123 சி.சி. வண்டி அது. அக்கால ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலானவற்றிற் கியர் வலக்காலிலும் பிறேக் இடக்காலிலும் இருந்தன. 1970 களின் நடுப்பகுதியில் அமெரிக்க விதியொன்று இடக்காற் கியரை வரையறுத்த பின்னர் உலகம் ஒருவாறு அம்முறைக்கு வந்தது. பழைய வண்டியிற் பழகியவர் புதியதில் ஏறி, மறிப்பதாக எண்ணிக் கியரை மிதித்து இடர்ப்பட்டதுண்டு. உடம்பிற் படிந்த பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. ஆசிரியர் நாவிற் படிந்த பழக்கமும் அத்தன்மைத்தே. பிள்ளை விடை தெரியாது விழிக்கும்போது எம் நாவும் இன்றுவரை பழைய இடத்துக்கே விரைகின்றது. அவ்வேளையில் எம் இடக்கை விரல்கள் மேசையின் விளிம்பை மெல்லப் பற்றி, மெல்ல விடுகின்றன. மாணவர் இதனைக் கண்டிருக்கக்கூடும். காரணத்தை இம்மலரில் வாசித்து அறிந்துகொள்வாராக.

மாதந்தோறும் அன்னையாரை மருந்தெடுக்க அழைத்துச் செல்வது இப்போது யாமே. தலைக்கவசத்தை அணிவித்து, பின்னே அமர்த்தி, கிளச்சை மெல்ல விடுகின்றோம். "கொப்பரிலும் பாக்க நல்லாய் எடுக்கிறாய்" என்று ஒருநாட் சொன்னார். தந்தையாரின் வண்டிக்குக் கிளச் பிடியே இல்லை என்பதை அவருக்கு யாம் சொல்லவில்லை.

விழாக் கொண்டாடும் எமது கல்லூரித் தாயின் புதல்வருட் பெரும்பதவி வகிப்போர் பலர். அவர்தம் படங்கள் இம்மலரை அணிசெய்யும். சந்திக் கராச்சில் எண்ணெய்க் கையோடு நிற்கும் ஒருவரும் அவர்களோடு எண்ணத்தக்க பழைய மாணவரே. விழாவுக்கு வருமாறு அவரை அழைத்துள்ளோம். வேலை முடிந்தால் வருவதாகக் கூறியுள்ளார்.